7 × 8 ப்ளாக் போட்டா கட்டிலுக்குச் சரியா வருமா?

புதுநூல் | ஜூலை 4, காலை

ஒட்டுத்துணிப் போர்வை (குவில்ட்) தைக்கப் போறேன். மெத்தை 60 × 78 இஞ்ச், ரெண்டு பேர் படுக்கிறது. 12 இஞ்ச் நைன் பேட்ச் ப்ளாக் (3 × 3-ஆ ஒன்பது கட்டம் சேர்த்துத் தைக்கிற சதுரம்), அகலத்துக்கு 7, நீளத்துக்கு 8. மொத்தம் 84 × 96. தினமும் போர்த்திக்கத்தான், அலங்காரத்துக்கு இல்ல. ரெண்டே நிறம்: அடர்த்தியா ஒண்ணு, வெளுப்பா ஒண்ணு. துணி எத்தனை மீட்டர் வாங்கணும்?

ஊசிக்காது | ஜூலை 4, காலை

மீட்டர் அப்புறம். மெத்தையோட கனம் எவ்வளவு? 6 இஞ்ச் மெத்தையில் தாராளமாத் தொங்குற போர்வை 12 இஞ்ச் மெத்தையில் விளிம்போட நின்னுடும்.

வழக்கமா விரிக்கிற மாதிரியே படுக்கையை விரிச்சு வெச்சு அளங்க. மேல ஒரு மெல்லிய மெத்தை போடுற பழக்கம் இருந்தா அதையும் போட்டுட்டு. ஒரு பக்கம் எவ்வளவு தொங்கணுமோ அந்த இடத்துல டேப்பை வெச்சு, மெத்தை மேல ஏத்தி, மறுபக்கம் இறக்கி, ஒரே ஓட்டமா அளக்கணும். மெத்தை உறையில் அச்சடிச்ச அளவை வெச்சுக் கணக்குப் போட வேண்டாம். பழகின மெத்தை ஓரத்துல அமுங்கி, நடுவுல உப்பி இருக்கும். கையோட, தரையிலிருந்து மெத்தை மேல்மட்டம் வரை உயரத்தையும் குறிச்சுக்குங்க. அது எதுக்குன்னு பின்னாடி வரும்.

கால்இஞ்ச் | ஜூலை 4, மதியம்

84 × 96 என்பது தைத்து முடித்த மேல்துணியின் அளவு. துவைத்து வந்த போர்வையின் அளவு அதுவல்ல. மேல்துணி, நடுவே பஞ்சுத் தகடு (பேட்டிங்), பின்துணி என்ற மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைத்து, அதாவது குவில்ட் செய்யும்போது ஒவ்வொரு தையல் வரியும் துணியைக் கொஞ்சம் உள்ளே இழுக்கும். பிறகு முதல் சலவையில் பருத்தித் துணியும் பருத்திப் பேட்டிங்கும் சுருங்கும். இரண்டும் சேர்ந்து 5 முதல் 8 சதவீதம் வரை போகலாம். வரிகள் நெருங்க நெருங்க இழுப்பும் கூடும்.

ஊகம் வேண்டாம், மாதிரி போட்டுப் பாருங்கள். வாங்கப்போகும் அதே துணி, அதே பேட்டிங், அதே வரி இடைவெளி. 16 இஞ்ச் சதுரம் ஒன்றைக் குவில்ட் செய்து, போர்வையை எப்படித் துவைப்பீர்களோ அப்படியே துவைத்துக் காயவைத்து அளந்தால் போதும். 16 இஞ்ச் 15 ஆகியிருந்தால் சுருக்கம் 6 சதவீதம். வேண்டிய அளவை 0.94 ஆல் வகுத்தால் தைக்க வேண்டிய அளவு கிடைக்கும்.

துணியை முன்கூட்டியே நனைத்துச் சுருக்கிவிட்டால் இந்தச் சதவீதம் குறையும். ஆனால் எல்லாத் துணியையும் நனைக்க வேண்டும், அல்லது எதையும் நனைக்கக் கூடாது. பாதி நனைத்துப் பாதி நனைக்காமல் தைத்தால், முதல் சலவையில் ஒரு கட்டம் சுருங்கும், பக்கத்துக் கட்டம் சுருங்காமல் பொம்மிக்கொண்டு நிற்கும்.

புதுநூல் | ஜூலை 4, மாலை

கனம் 8 இஞ்ச். தரையிலிருந்து 20. துணியை நனைக்கப் போறதில்ல, அந்தச் சுருக்கம் விழுந்த தோற்றம்தான் பிடிச்சிருக்கு. ஆனா 84 சுருங்கி 79 ஆயிடும்னு பார்த்தா அகலம் பத்தாது போலிருக்கே?

ஊசிக்காது | ஜூலை 4, இரவு

பத்தாது. 79-ல 60 போனா 19, பக்கத்துக்கு ஒன்பதரை. மெத்தைக் கனமே 8. ரெண்டு பேர் உள்ள படுத்தா ஆளுக்கு 3, 4 இஞ்ச் அகலத்தை உடம்பு மேடே சாப்பிட்டுடும். ராத்திரி யாரோ ஒருத்தர் முதுகு வெளிய இருக்கும். யாருங்கிறதுல மட்டும் தகராறு வராது, கட்டின மறுநாளே தெரிஞ்சுபோயிருக்கும்.

துவைச்ச பிறகு 84 வேணும். அதாவது தைக்கிறது 90.

இனி நீளம். போர்த்திக்கிற போர்வையும், படுக்கையை மூடி வைக்கிற விரிப்பும் ஒண்ணு இல்ல. மூடி வைக்கிறதுன்னா தலையணைக்கு மேல ஏறி, அடியில மடிஞ்சு வரணும். அதுக்கு 10, 12 இஞ்ச் கூடுதல். 78 + கால்மாட்டுத் தொங்கல் 12 + தலையணைக்கு 12 = 102. உங்க 96 சுருங்கி 90 வரும். மூடுறதுக்குப் பத்தாது, போர்த்திக்க அதிகம். ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்ட அளவு.

போர்த்திக்கிறது தலைமாட்டுலேருந்து ஒரு 10 இஞ்ச் தள்ளி ஆரம்பிச்சாப் போதும். 68 மீதி மெத்தை, கால் மேட்டுக்கு 4, தொங்கலுக்கு 12. கூட்டினா 84. அகலமும் 84, நீளமும் 84.

அதனால 7 × 8 வேண்டாம். 7 × 7 போட்டு, சுத்தி 3 இஞ்ச் பார்டர்: 84 + 6 = 90. எட்டாவது வரிசை ஏழு ப்ளாக்கும் மிச்சம். தலையணைக்கு அடியில யாரும் பார்க்காம தூங்கியிருக்கும் அதுங்க.

மடிப்பு | ஜூலை 5

சதுரத்தில் இன்னொரு லாபம்: மாதம் ஒருமுறை கால் பக்கத்தைத் திருப்பிப் போட்டுக்கலாம். மோவாய் உரசுற ஓரம்தான் முதல்ல நைந்து போகும். நாலு ஓரத்துக்கும் அந்த வேலையைப் பங்கு போட்டா பைண்டிங் (ஓரத்தைச் சுத்தி மடிச்சுத் தைக்கிற பட்டை) ரொம்ப நாள் தாங்கும்.

ஒரு எச்சரிக்கை. ஊசிக்காது கேட்ட 20 இஞ்ச் உயரம் இங்கதான் வருது. ஆள் இல்லாத படுக்கையில் அந்த 4 இஞ்ச் மேடும் இருக்காது, கால்மாட்டில் 16 தொங்கும். பக்கத்தில் 12. மூலையில் துணி குறுக்காத் தொங்கும்: 12-இன் வர்க்கம் 144, 16-இன் வர்க்கம் 256, கூட்டினா 400, வர்க்கமூலம் 20. சரியா தரையைத் தொடும்.

வழி மூணு. கால்மாட்டை மெத்தைக்கு அடியில் சொருகிடறது. இல்லேன்னா மூலையை வட்டமா வெட்டறது. 10 இஞ்ச் தட்டை வெச்சு வரைஞ்சா 2 இஞ்ச்தான் ஏறும். 12 இஞ்ச் ஆரம் கொடுத்தா 5 இஞ்ச் ஏறும். நூலை மூலையோட ரெண்டு ஓரத்திலிருந்தும் 12 இஞ்ச் உள்ளே தள்ளி ஒரு புள்ளியில் பிடிச்சு வட்டம் போட்டுக்கலாம். மூணாவது, கால்மாட்டுக் கட்டைக் கால்கள் உயரமா இருந்தா மூலைச் சதுரத்தையே வெட்டி எடுத்துடறது. அப்படிச் செஞ்சா திருப்பிப் போட முடியாது.

வட்டமா வெட்டறதா இருந்தா குவில்டிங் முடிஞ்ச பிறகு வெட்டுங்க. முன்னாடியே வெட்டினா அந்த வளைவு முழுக்கக் கிராஸ் (இழைக்குச் சாய்வான வெட்டு), கை பட்டாலே நீளும்.

கால்இஞ்ச் | ஜூலை 5, இரவு

துணிக் கணக்கு. 49 ப்ளாக், ஒவ்வொன்றிலும் 4 இஞ்ச் கட்டம் ஒன்பது. தையலுக்குச் சேர்த்து 4½ இஞ்ச் வெட்ட வேண்டும். மொத்தம் 441 கட்டம்.

எல்லா ப்ளாக்கும் ஒரே மாதிரி, மூலையில் அடர்நிறம் வைத்துத் தைத்தால், நான்கு ப்ளாக் சேரும் இடத்தில் நான்கு அடர்நிறக் கட்டம் முட்டி 8 இஞ்ச் திட்டாகத் தெரியும். அது வேண்டாமென்றால் 25 ப்ளாக்கில் ஐந்து அடர்நிறம், 24 ப்ளாக்கில் நான்கு அடர்நிறம் என்று மாற்றி வையுங்கள். அடர்நிறம் 221, வெளிர்நிறம் 220.

44 இஞ்ச் அகலத் துணியில் கரையை நீக்கினால் 41, 42 கிடைக்கலாம், 40 என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. 4½ இஞ்ச் பட்டையில் 40-க்கு 8 கட்டம்தான் வரும். 40½ இருந்தால் 9. அந்த அரை இஞ்சுக்காக நிறத்துக்கு 28 பட்டையா 25 பட்டையா என்பது மாறுகிறது: 126 இஞ்ச், அல்லது 112½ இஞ்ச். கடையில் துணியை விரிக்கும்போதே கரை நீக்கிய அகலத்தை அளந்துவிடுங்கள்.

கட்டம் கட்டமாக வெட்ட வேண்டியதும் இல்லை. மூன்று பட்டையை நீளவாக்கில் தைத்து, குறுக்கே 4½ இஞ்சாக வெட்டினால் மூன்று கட்டம் சேர்ந்த துண்டு கையில் வரும். அடர்–வெளிர்–அடர் துண்டு 74, வெளிர்–அடர்–வெளிர் துண்டு 73. பட்டைத் தொகுதிக்கு 8 துண்டு என்றால் ஒவ்வொன்றுக்கும் 10 தொகுதி, நிறத்துக்கு 30 பட்டை, 135 இஞ்ச், 3.43 மீட்டர். முறிவு, கோணல் வெட்டுக்குச் சேர்த்து நிறத்துக்கு 3¾ மீட்டர்.

ஊசிக்காது | ஜூலை 6

கணக்கு சரி. ஆனா 441 கட்டச் சதுரங்கத்தை எதுக்குத் தைக்கணும்? நைன் பேட்ச் 25, நடுநடுவே வெறும் ப்ளாக் 24. தையல் பாதியாக் குறையும். கையால குவில்ட் பண்றதா இருந்தா வெறும் ப்ளாக்லதான் தையல் தெரியும், ஊசியும் சுலபமாப் போகும். நைன் பேட்ச்ல நாலு தையல் சேர்ற இடத்துல ஊசி நுழைக்கிறது விரல் நோகுற வேலை.

வெறும் ப்ளாக் 12½ இஞ்ச், பட்டைக்கு 3. எட்டுப் பட்டை, 100 இஞ்ச், 2.54 மீட்டர்.

கால்இஞ்ச் | ஜூலை 6, மதியம்

அதில் ஒரு கண்ணி இருக்கிறது. வெறும் ப்ளாக்கில் உள்தையல் கிடையாது, நைன் பேட்சில் குறுக்கே இரண்டு தையல். கால் இஞ்ச் தையல் விடுப்பில் 1/32 இஞ்ச் கூடுதலாகப் பிடித்தால், இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு தையலுக்கு 1/16 போகும். நைன் பேட்ச் 12 3/8 ஆகிவிடும், வெறும் ப்ளாக் 12½-லேயே நிற்கும். ஒவ்வொரு இணைப்பிலும் 1/8 இஞ்ச் துணியை இழுத்தோ ஒதுக்கியோ பொருத்த வேண்டிவரும். முழுக்க நைன் பேட்ச் என்றால் இந்தத் தொல்லை கண்ணில் படாது. ஒரு வரிசைக்கு 20 தையல், 1¼ இஞ்ச் குறையும், எல்லா வரிசையும் ஒன்றாகக் குறையும்.

ஆகவே நைன் பேட்ச் 25-ஐயும் முதலில் தைத்து முடியுங்கள். இஸ்திரி போட்டு எல்லாவற்றையும் அளங்கள். பெரும்பான்மை எந்த அளவோ அந்த அளவுக்கு வெறும் ப்ளாக்கை வெட்டுங்கள், காகிதத்தில் எழுதிய 12½-க்கு அல்ல.

தையல் பிடிப்பைச் சோதிக்க: 1½ இஞ்ச் அகலப் பட்டை மூன்றை நீளவாக்கில் சேர்த்து இஸ்திரி போடுங்கள். நடுப்பட்டை சரியாக 1 இஞ்ச் தெரிய வேண்டும். குறைந்தால் பிடிப்பை ஒரு நூலிழை அளவு குறையுங்கள். தையலை ஒரு பக்கம் மடிக்கும்போது அந்த மடிப்பே ஒரு இழை அளவு துணியை எடுத்துக்கொள்ளும். அளவுகோலில் துல்லியமாகக் கால் இஞ்ச் வைத்துத் தைத்தும் ப்ளாக் சிறுத்துப் போவது இதனால்தான்.

மடிப்பு | ஜூலை 6, மாலை

இஸ்திரி பெட்டியை இழுத்துத் தேய்க்கக் கூடாது. வெச்சு அழுத்தி எடுக்கணும். நீராவியோட தேய்ச்சா சதுரம் சாய்சதுரமா ஆயிடும்.

மடிக்கிற திசை: எல்லாத் தையலும் அடர்நிறம் பக்கம். அப்படின்னா அடுத்தடுத்த வரிசையில் மடிப்பு எதிரெதிர் திசையில் தானாகவே விழும், ரெண்டு வரிசையைச் சேர்க்கும்போது மடிப்பு மடிப்போட கவ்விக்கும். வெளிர்நிறம் பக்கம் மடிச்சா வெளுப்புத் துணிக்குள்ள அடர்நிற நிழல் தெரியும்.

புதுநூல் | ஜூலை 7

25 + 24-க்கே போறேன். வெறும் ப்ளாக்கும் பார்டரும் ஒரே வெளிர்நிறம். நடுவுல நைன் பேட்ச் வெச்சா நாலு மூலையிலும் நைன் பேட்ச் வரும்தானே? பார்டரை எப்படிக் கணக்குப் போடறது?

ஊசிக்காது | ஜூலை 7

வரும். 7 ஒற்றைப்படை, அதனால தான். 8 போட்டிருந்தா ஒரு மூலையில் நைன் பேட்ச், எதிர் மூலையில் வெறுமை.

பார்டரையும் வெறும் ப்ளாக்கையும் ஒரே துணியில் எடுக்கிறதுன்னா பார்டரை முதல்ல, நீளவாக்குல, பாவு நூல் திசையில் வெட்டுங்க. 92 இஞ்ச் நீளத்துல 3½ இஞ்ச் பட்டை நாலு, 14 இஞ்ச் அகலம் போகும். மீதி 26, 27 இஞ்சில் 12½ ரெண்டு ரெண்டா ஏழு வரிசை, 14 ப்ளாக். இன்னும் 10 ப்ளாக்குக்கு நாலு பட்டை, 50 இஞ்ச். ஆக 142 இஞ்ச், 3.6 மீட்டர். பார்டரைக் குறுக்கே வெட்டி ஒட்டுப்போட்டா கொஞ்சம் குறையும்தான். ஆனா பாவு திசை நீளாது. பார்டர் நீண்டா போர்வை ஓரம் அலையடிக்கும், அதை எந்தக் குவில்டிங்கும் அடக்காது.

அந்த அலை வர்றதுக்கு இன்னொரு காரணம், பார்டர் பட்டையை அளக்காம ஓரத்தோட வெச்சுத் தைச்சுக்கிட்டே போய் கடைசியில் வெட்டறது. தைக்கும்போது மேல் துணி தள்ளிக்கிட்டே வரும். மேல்துணியை நடுவுல, ரெண்டு ஓரத்துலேருந்து சற்று உள்ளே, ஆக மூணு இடத்துல அளந்து சராசரி எடுங்க. பார்டரை அந்த நீளத்துக்கு வெட்டுங்க. நடுவும் முனைகளும் குண்டூசி குத்தி, மிச்சத்தைப் பங்கிட்டுத் தைங்க. முதல்ல ரெண்டு பக்கம், அப்புறம் மேலும் கீழும்.

நைன் பேட்ச்சுக்கு: அடர் 125, வெளிர் 100. பட்டைக்கு 8 கணக்கு. அடர்நிறம் 16 பட்டை இருந்தாப் போதும், வெளிர் 13. தொகுதி முறையில் வெட்டினா ரெண்டு மூணு பட்டை கூடும். அடர்நிறம் 2½ மீட்டர், வெளிர்நிறம் 2 மீட்டரும் அந்த 3.6-ம்.

கால்இஞ்ச் | ஜூலை 8

சரிபார்த்தேன். அடர்–வெளிர்–அடர் துண்டு 50: ஏழு தொகுதி, 14 அடர், 7 வெளிர். வெளிர்–அடர்–வெளிர் 25: நான்கு தொகுதி, 4 அடர், 8 வெளிர். அடர் 18 பட்டை, 81 இஞ்ச், 2.06 மீட்டர். வெளிர் 15 பட்டை, 67½ இஞ்ச், 1.71 மீட்டர். பைண்டிங் அடர்நிறத்தில் என்றால் அது தனி.

பைண்டிங்: சுற்றளவு 360, மூலைக்கும் கடைசி இணைப்புக்கும் 12. மொத்தம் 372. 2½ இஞ்ச் பட்டை 40-க்கு ஒன்று, 10 பட்டை.

மடிப்பு | ஜூலை 8

10-ல் நூலிழையில் தப்பிக்கும். பட்டைகளைக் குறுக்காச் சேர்த்தா ஒவ்வொரு இணைப்பிலும் பட்டை அகலம் போகும், 2½. ஒன்பது இணைப்பில் 22½ காலி. 400 போய் 377½. மிச்சம் ஐந்தரை. ஒரு பட்டை 39-ஆ இருந்தாலோ கடைசி இணைப்பு ஒரு தையல் வரி மேல விழக் கூடாதுன்னு நகர்த்தினாலோ தீர்ந்தது. 11 வெட்டுங்க, 27½ இஞ்ச், 70 சென்டிமீட்டர்.

இணைப்பை நேராப் போட்டா இந்த இழப்பு இல்ல. ஆனா பைண்டிங் ரெட்டையா மடியுது, அதுக்குள்ள தையல் விடுப்பும் மடிஞ்சு ஒரே இடத்துல எட்டு அடுக்கு சேரும். ஓரத்துல கட்டி மாதிரி தட்டும்.

ஆனா மூலையை வட்டமா வெட்டறதா இருந்தா இந்தக் கணக்கே வேண்டாம், பைண்டிங் கிராஸாத்தான் இருக்கணும். நேர்ப்பட்டை வளைவில் சுருங்கிப் போர்வையைக் கிண்ணமா வளைக்கும். 372 × 2½ = 930 சதுர இஞ்ச். அதன் வர்க்கமூலம் முப்பதரை. 32 இஞ்ச் சதுரத் துணி எடுத்தா முழுச் சுற்றுக்கும் கிராஸ் பட்டை வரும். எதுவானாலும் அடர்நிறத்தில் ஒரு மீட்டர் கூட வாங்குங்க.

புதுநூல் | ஜூலை 9

வட்டமா வெட்டறேன். நாலு மூலையும், திருப்பிப் போடணுமே. பேட்டிங் பத்தி யாரும் பேசலையே. இலவம் பஞ்சு போடலாமா? லேசா இருக்குமே.

ஊசிக்காது | ஜூலை 9

இலவம் பஞ்சு தலையணைக்கு. அந்த இழை குட்டை, வழவழப்பு, ஒண்ணோட ஒண்ணு பிணையாது. போர்வைக்குள்ள போட்டா துவைச்ச அன்னைக்கே ஒரு மூலைக்குப் போய்க் கூட்டம் போடும்.

பேட்டிங்குன்னு தகடா வர்றதை வாங்குங்க. பருத்தி: தட்டையா, கனமா இருக்கும், காத்து போகும், துவைக்கத் துவைக்க மெதுவாகும், சுருங்கும். பாலியெஸ்டர்: லேசு, உப்பும், சுருங்காது, ஆனா வியர்க்கும். நெசவு இடைவெளி உள்ள துணி போட்டா இழை வெளிய வந்து தாடி முளைக்கும். அடர்நிறத் துணியில் அது வெள்ளையாத் தெரியும். கம்பளி: எடைக்கு நல்ல சூடு, மடிச்ச தடம் நிக்காது, கையால தைக்க வெண்ணெய்தான், பூச்சிக்கும் பிடிக்கும், சலவையில் கவனம் வேணும். பருத்தி 80, பாலியெஸ்டர் 20 கலவைதான் முதல் போர்வைக்கு நான் சொல்றது.

கால்இஞ்ச் | ஜூலை 9, இரவு

பொட்டலத்தில் ஒரு எண்ணைத் தேடுங்கள்: தையல் வரிகளுக்கிடையே அதிகபட்ச இடைவெளி. வெறுமனே சீவி விரித்த பருத்தி என்றால் 2 இஞ்ச் அளவுதான் தாங்கும். ஊசியால் குத்திப் பிணைத்த தகடு 8, 10 இஞ்ச் வரை தாங்கும். உங்கள் வெறும் ப்ளாக் 12 இஞ்ச், எனவே எந்தப் பேட்டிங்கானாலும் அதன் நடுவே தையல் இருந்தே ஆக வேண்டும். அந்த எண்ணைத் தாண்டிவிட்டால் முதலில் ஒன்றும் தெரியாது, சில சலவைக்குப் பிறகு உள்ளே பஞ்சு கிழிந்து, ஒளியில் பிடித்தால் ஓட்டை தெரியும்.

பிணைத்த தகட்டில் சிலவற்றுக்குள் வலை போன்ற மெல்லிய தாங்குதுணி இருக்கும். மெஷினுக்கு நல்லது. கைத்தையலுக்கு ஊசியைப் பிடித்து நிறுத்தும். கையால் தைப்பதானால் அது இல்லாததை வாங்குங்கள்.

எடையும் யோசிக்க வேண்டியது. 90 × 90 இஞ்ச் என்பது 5.2 சதுர மீட்டர். இரண்டு பருத்தித் துணி சதுர மீட்டருக்கு 140 கிராம் வீதம், பேட்டிங் 150, ஆக 430. மொத்தம் 2.25 கிலோ. தையல் விடுப்பும் பைண்டிங்கும் சேர்த்தால் இரண்டரைக் கிலோவை நெருங்கும்.

மடிப்பு | ஜூலை 10

பின்துணி. மெஷின்னா எல்லாப் பக்கமும் 3 இஞ்ச், சட்டத்தில் மாட்டறதா இருந்தா 4 இஞ்ச் கூடுதல். 98 × 98-னு வெச்சுக்குங்க. கரை போக 42 இஞ்ச் வர்ற துணின்னா மூணு அகலம் வேணும், 294 இஞ்ச், ஏழரை மீட்டர். அதுல ஒரு அகலத்துல பாதிக்கு மேல வீண்.

மாற்று: ரெண்டு அகலம், 5 மீட்டர், நடுவுல மிச்சத் துண்டுகளை ஒட்டின 16 இஞ்ச் பட்டை. 42 + 42 + 16 = 100, அரை இஞ்ச் விடுப்பு வெச்ச ரெண்டு தையலுக்கு 2 போச்சு, 98. அந்தப் பட்டையோட தையல் எதுவும் நட்டநடுவுல விழாம பார்த்துக்குங்க. போர்வையை மடிக்கும்போது நடு மடிப்பும் அந்தத் தையலும் ஒரே கோட்டில் விழுந்தா அங்கதான் நையும்.

கரையை வெட்டி எறிஞ்சுட்டுத் தைங்க. கரை நெருக்கமான நெசவு, சலவையில் வேற மாதிரி சுருங்கி ஓரத்தைப் பிடிச்சு இழுக்கும். மெத்தை விரிப்பைப் பின்துணியாப் போடற யோசனை இருந்தா, நெருக்கமா நெய்த விரிப்பு வேண்டாம். ஒட்டில்லாம ஒரே துண்டா வரும்தான், ஆனா ஊசி இறங்காது.

புதுநூல் | ஜூலை 11

கையாலதான். முடிவு. வீட்டு மெஷின்ல 90 இஞ்சைச் சுருட்டி நுழைக்கிற இடத்தைப் பார்த்தேன்.

ஊசிக்காது | ஜூலை 11

நல்ல முடிவு. இருந்தாலும் மெஷின்லயும் முடியும்: மேல்துணியை மூணு பத்தியா வெச்சு, தனித்தனியா குவில்ட் பண்ணி, அப்புறம் சேர்க்கிற முறை இருக்கு.

கையாலன்னா: 'பிட்வீன்' ஊசி 9. குட்டையா இருக்கும், அதுதான் வேணும். நீள ஊசி வளையும், தையல் பெருசா விழும். நூல் 18 இஞ்சுக்கு மேல எடுக்காதீங்க, துணிக்குள்ள போய் வந்து போய் வந்து தேஞ்சு அறுந்துடும். முடிச்சை மேல் துணிக்குக் கீழே இழுத்து, பேட்டிங்குக்குள்ள பொதிச்சுடணும். நடுவிலிருந்து வெளியே. ஓரத்திலிருந்து ஆரம்பிச்சா மிச்சத் துணியெல்லாம் நடுவுல வந்து மேடு கட்டும்.

இஞ்சுக்கு எட்டுத் தையல் விழலையேன்னு பிரிக்க வேண்டாம். ஆறு விழுந்தாலும் ஒரே சீரா இருந்தாக் கண்ணுக்கு அழகுதான். அதுவும் பொறுமை இல்லேன்னா 8-ஆம் நம்பர் பெர்ல் நூலும் (தடிச்ச முறுக்கு நூல்), அதுக்கேத்த பெரிய காது ஊசியும் எடுத்து இஞ்சுக்கு மூணு, நாலு தையல் போடுங்க.

வெறும் ப்ளாக்கில் சாய்வா, 2.8 இஞ்சுக்கு ஒரு குறுக்குக்கோடு. நைன் பேட்ச்சிலும் அதே குறுக்குக்கோட்டைக் கட்டங்களோட மூலை வழியா இழுத்துட்டுப் போனா, தையல் மேடு மேல ஊசி குத்தறது குறையும்.

கால்இஞ்ச் | ஜூலை 12

கோடு எதனால் போடுகிறீர்கள் என்பது முக்கியம். தண்ணீரில் போகும் நீலப் பேனா என்றால் அதன்மேல் இஸ்திரி படக் கூடாது, சூட்டில் கறை நிலைத்துவிடும். சூட்டில் மறையும் பேனா நேர்மாறு: இஸ்திரியில் மறையும், கடுங்குளிரில் திரும்பி வரும். இரண்டையும் ஒரே துணியில் கலக்க வேண்டாம். காகித ஒட்டுநாடாவை ஓரமாக ஒட்டி அதை ஒட்டித் தைப்பது மிகப் பாதுகாப்பு. தைத்து முடித்ததும் எடுத்துவிடுங்கள், விட்டுவைத்தால் பசை துணியில் தங்கும்.

மூன்று அடுக்கையும் பிணைக்க, கைத்தையலுக்கு ஊக்கு வேண்டாம், சட்டத்தில் இடிக்கும். 4 இஞ்ச் இடைவெளியில் பெரிய ஓட்டுத்தையல் போடுங்கள். பின்துணியை மேசையில் ஒட்டும்போது சுருக்கம் போகும் அளவுக்கு விறைப்பு போதும். ரப்பர் மாதிரி இழுத்து ஒட்டினால், நாடாவைப் பிரித்ததும் அது தன் அளவுக்குத் திரும்பி, போர்வையில் கொசுவம் விழும்.

மடிப்பு | ஜூலை 12, இரவு

சாயம். அடர்நிறம் சிவப்போ நீலமோ என்றால், துணியை நனைக்காமல் தைக்கிறவங்களுக்கு இது தலைவலி. ஒரு துண்டை வெந்நீரில் ஒரு வெள்ளைத் துணியோட அரைமணி போட்டுப் பாருங்க. வெள்ளை வெள்ளையாவே இருந்தா தைங்க. இறங்கினா ரெண்டு நிறத்தையும் முழுசா நனைங்க, கால்இஞ்ச் சொன்ன 16 இஞ்ச் மாதிரியைத் திரும்பப் போடுங்க, ஏன்னா சுருக்கக் கணக்கு மாறிடும். 90 தேவைப்படாது, 87, 88-லேயே முடிஞ்சுடலாம். அப்ப ப்ளாக்கைத் தொடாம பார்டரை மட்டும் 2 இஞ்சாக் குறைச்சுக்குங்க.

ஈரப் போர்வையைக் கொடியில் ஒரே கயித்துல போட வேண்டாம். உலர்ந்தப்போ இரண்டரைக் கிலோ, நனைஞ்சா கனம் அதைவிட ரொம்பக் கூடும். தையல் நூல்தான் அத்தனையையும் தாங்கும். நாலு கொடியில் பரப்பிப் போடுங்க, இல்லேன்னா நிழலில் விரிச்சு.

புதுநூல் | ஜூலை 13

கடைசிப் பட்டியல்: அடர்நிறம் 2½ + பைண்டிங்குக்கு 1. வெளிர்நிறம் 2 + 3.6, சேர்த்து 5¾. பின்துணி 5, நடுப்பட்டைக்கு மிச்சம். பேட்டிங் 98 சதுரம், வலை இல்லாத 80–20. சரியா?

ஊசிக்காது | ஜூலை 13

நடுப்பட்டைக்கு 98 × 16 வேணும், மிச்சத்துல அவ்வளவு தேறாது. வெளிர்நிறத்தை ஆறே காலா எடுங்க. பைண்டிங் சதுரத்தை முதல் நாளே வெட்டி, மேல சீட்டு குத்தி, தனியா எடுத்து வைங்க. பேட்டிங்கை விரிச்சு ஒரு ராத்திரி அப்படியே விட்டா மடிப்புத் தடம் போயிடும்.